மீனின் தலை யார் பக்கம்

1

நேற்று மத்தியானம் ஆறு பேருக்கென்று பிடித்து வைத்த வட்ட மேசையில் நான்கு பேர்தான் உட்கார்ந்தோம். நானும் இவரும் ஒரு பக்கம். மருமகள் ஸுலைகாவின் உம்மாவும் வாப்பாவும் மறுபக்கம். எங்கள் பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசி முடித்து நேற்றோடு ஒரு வருடம். கலியாண நாளைப் பிள்ளைகள் தங்கள் பாட்டில் கொண்டாடட்டும். பேசி முடித்த நாள் பெற்றவர்களுடையது, ஏனென்றால் அன்றைக்குப் பாடுபட்டவர்கள் நாங்கள்தான்.

பிள்ளைகள் இரண்டு பேரும் பேர்த் நகரத்தில் இருக்கிறார்கள். நாங்கள் இருக்கிற மெல்பேர்னிலிருந்து நான்கு மணித்தியாலம் விமானத்தில் போக வேண்டும். வருகிறோம் என்றார்கள், பிறகு மகனுக்கு லீவு கிடைக்கவில்லை என்றார்கள். "ஆக்கள் வராட்டி என்ன, மீன் வரும்தானே" என்று இவர் எனக்கு ஆறுதல் சொன்னார். இவர் என்பது என் கணவர் இஸ்மாயில். இருபத்து நான்கு வருடம் வெளிநாட்டில் இருந்தும் அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, எழுத மட்டும் வருகிறது.

மீன் வந்தது. அந்த மீனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன் நடந்ததைச் சொல்லாவிட்டால் மீன் விளங்காது.

2

ஊரில் இருந்தபோது எனக்குத் தெரிந்த சீனச் சாப்பாடு, இலங்கையின் கிழக்குக் கரையில் எங்கள் கல்முனைக் கடைகளில் பார்சல் கட்டித் தருகிற ஃபிரைட் ரைஸ்தான். மேலே ஒரு முட்டைப் பொரியல், பக்கத்தில் சிவக்கச் சிவக்க மிளகாயில் புரட்டி டெவல் பண்ணின கோழி, ஒரு சின்னப் பையில் மிளகாய்ப் பேஸ்ட். அதைச் சமைத்தவர்கள் எங்கள் தெரு அண்ணன்மார், எங்கள் பேச்சில் காக்காமார். சீனாக்காரன் கண்ணால் கண்டிருந்தால் இது எந்த நாட்டுச் சாப்பாடு என்று கேட்டிருப்பான். எங்களுக்கு அது சீனாவேதான்.

சீனச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது என்பது இந்த நகரத்துக்கு வந்த பிறகுதான் விளங்கியது. கன்டன்காரர் கடையில் மீனை இஞ்சியோடு அவித்து, சுடு எண்ணெயைச் சுரீர் என்று மேலே ஊற்றுகிறார்கள். சிச்சுவான்காரர் போடுகிற ஒரு மிளகு நாக்கை விறைக்க வைக்கிறது. பல் கழற்றப் போனால் ஊசிக்குப் பதிலாக அதைக் கொடுக்கலாம். ஹூனான்காரர் பச்சை மிளகாயைக் கறியாகவே சமைக்கிறார்கள். அதைக் கண்ட அன்றைக்கு எனக்கு மனம் குளிர்ந்துபோனது. ஒவ்வொன்றும் பெரிய எடுப்பான கடைகள். ஒவ்வொரு கறிக்கும் பீங்கானை மாற்றுவார்கள், தேநீர்க் கோப்பை அரைவாசிக்கு இறங்கினாலே ஆள் வந்துவிடும்.

இதையெல்லாம் நான் மீனும் மரக்கறியும் மட்டும் தின்று படித்தேன். எங்கள் ஒரே மகன் ஆதில்தான் கூட்டிப் போவான். போகிற கடையிலெல்லாம் பரிசாரகரை நிறுத்தி வைத்து, வைன் ஊற்ற வேண்டாம், பன்றிக் கொழுப்பு வேண்டாம், ஒரே சட்டியில் புரட்ட வேண்டாம் என்று மனனம் பண்ணினதுபோல் ஒப்புவிப்பான். அது முடிவதற்குள் இவர், "ஊட்ட போய்ச் சோறு தின்னுவமே" என்று முணுமுணுப்பார்.

ஒரு நாள் ஆதில் வந்து சொன்னான்.

"உம்மா, பொக்ஸ் ஹில்ல ஒரு கடை இரிக்கி. சைனாட வடமேற்குப் பக்கத்துச் சாப்பாடு. எல்லாம் ஹலால். ஒண்டும் கேக்கத் தேவல்ல."

"ஆர்ட கடை?"

"ஸுலைகாட வாப்பாட."

அந்தப் பெயரை அவன் சொன்ன விதத்திலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஸுலைகா அவனோடு பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளை. அவளுடைய ஆட்கள் லான்சோ என்ற நகரத்துச் சீன முஸ்லிம்கள். ஊரின் நடுவே மஞ்சள் ஆறு ஓடுகிறதாம், தலைமுறை தலைமுறையாகத் தொழுகையும் நோன்புமாக இருக்கிற சனமாம். ஆதில் போனில் காட்டிய படத்தில், முக்காடு போட்ட மெலிந்த பிள்ளையொன்று சிரித்துக்கொண்டு நின்றது. எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்ததை நான் காட்டவில்லை.

"எப்ப போவம் உம்மா, அந்தக் கடைக்கு?" என்றான் ஆதில்.

"நான் போறல்ல. அவங்க வரட்டும்" என்றேன்.

3

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஊரில் உள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றப் பக்கங்களில் இருந்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கரையில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிபோவார். வீடு பெண்ணுடையது. இவர் பாலமுனையில் பிறந்து கல்முனைக்குடியில் என் வீட்டுக்கு வந்தவர். என் வாப்பாவும் மாமாவும் வாடகைக்கு வான் பிடித்துக்கொண்டு பாலமுனைக்கு இரண்டு தரம் போனார்கள். முதல் தரம் என் மாமியார் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டா. இரண்டாம் தரம்தான் ஓம் சொன்னா. வாப்பா முகம் கறுத்து வீட்டுக்கு வந்த அந்த முதல் நாளில், எனக்கும் ஒரு ஆண்பிள்ளையைத் தா ரப்பே என்று நான் துஆக் கேட்டேன்.

ஆண்பிள்ளை பெற்றவளுக்கு இருக்கிற எடுப்பு அது ஒன்றுதான். பிறகு பிள்ளை அவளுடையவன் அல்ல. மற்ற வீட்டில் உண்பான், மற்ற வீட்டில் உறங்குவான், பெருநாளைக்கு விருந்தாளியாக வருவான். போவதற்கு முன்னால் நாலு பேர் படியேறி வந்து, பிள்ளையைத் தாருங்கள் என்று கேட்க வேண்டும். அதையும் விட்டுக்கொடுத்தால் மிஞ்சுவது என்ன?

ஆதில் போய், "உம்மா வரச் சொன்னா, எப்ப வேணுமெண்டாலும் வரலாம்" என்று சொல்லியிருக்கிறான். நான் நினைத்ததை அவன் அறியான். இங்கே வளர்ந்த பிள்ளை. தமிழ் கதைப்பான், ஆனால் சொல்லாமல் விட்டதை விளங்கிக்கொள்கிற தமிழ் அவனிடம் இல்லை. கேட்டு வரச் சொல் என்று வாய் திறந்து சொல்வது எனக்கும் மரியாதையில்லை.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டைக் கூட்டித் துடைத்து, தேங்காய்ப்பாலும் சர்க்கரையுமாக வட்டிலப்பம் அவித்து வைத்துக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. பின்னேரம் நாங்களே தின்றோம். அப்படி நான்கு மாதம். இவருடைய இரத்தப் பரிசோதனையில் சீனியைப் பார்த்த டாக்டர், வீட்டில் ஏதும் விசேஷமா என்று கேட்டார்.

ஊரிலிருந்து என் அக்கா, எங்கள் பேச்சில் ராத்தா, ஒவ்வொரு கிழமையும் வட்ஸ்அப்பில் கேட்பா.

"பொம்புள ஊட்டார் வந்தாங்களா புள்ள?"

"இன்னும் இல்ல ராத்தா."

"அப்ப அவங்களுக்கு விருப்பமில்ல. ஒண்ட மகனுக்கு இஞ்ச நூறு ஊடு இரிக்கி. மனச விடு."

மனதை விட்டிருப்பேன். ஆனால் ஒரு திங்கட்கிழமை காலையில் ஆதில் வேலைக்குப் போகாமல் குசினியில் வந்து நின்றான். முகம் வீங்கியிருந்தது.

"ரெண்டு ஊட்டுக்கும் விருப்பமில்லாம எப்புடிச் செய்ற? உட்டுருவம் எண்டு ஸுலைகா சொல்றா உம்மா. நானும் ஓம் எண்டுட்டன்."

"எங்களுக்கு விருப்பமில்லண்டு ஆரு சொன்ன?"

"நாலு மாசமாப் போகவுமில்ல, கதைக்கவுமில்ல. வேற எப்புடிச் சொல்ற?"

அவன் போன பிறகு தேத்தண்ணியை ஊற்றிவிட்டுக் குடிக்காமல் இருந்தேன். எங்களுக்கு விருப்பம், பிள்ளைகளுக்கு விருப்பம், விருப்பமில்லாதவர்கள் அந்தச் சீனாக்காரர்தான் என்று எனக்குக் கோபம் பொங்கியது. அப்படி என்ன பெரிய மனிசர், ஒரு தரம் போய்ப் பார்ப்போமே என்று தோன்றியது. கேட்டுப் போவதல்ல. சும்மா சாப்பிடப் போகிறவர்கள்போல் போய், ஒரு மூலையில் இருந்து பார்த்துவிட்டு வருவது. ஊரிலும் இது உள்ளதுதான். முட்டை வாங்கப் போகிற சாட்டில் அந்த வீட்டின் அடுப்படி வரைக்கும் பார்த்துவிட்டு வருகிற பெண்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர்.

4

மேசை பிடிக்கப் போன் எடுத்தேன். ஒரு பெண்ணின் குரல். எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எல்லாம் கேட்டுவிட்டு, "குடும்பப் பெயர்?" என்றது. "ஆதம்பாவா" என்றேன்.

இதற்கு நான் என்னைக் குற்றம் சொல்ல மாட்டேன், குடிவரவுக் காரியாலயத்தைத்தான் சொல்வேன். எங்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. ஆளுக்கு ஒரு பெயர், முன்னால் வாப்பாவின் பெயர், அவ்வளவுதான். விசாப் படிவத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட முடியாது என்றார்கள். இவருடைய வாப்பாவின் பெயரை எழுதினோம். அன்றிலிருந்து இவரும் ஆதம்பாவா, ஆதிலும் ஆதம்பாவா, கடைசியில் நானும் மிஸிஸ் ஆதம்பாவா. மௌத்தாகிப்போன மாமனாரின் பெயரைச் சொல்லி என்னை ஆஸ்பத்திரியில் கூப்பிடும்போது இன்னும் எனக்கு உடம்பு கூசும். இருபது வருடம் படிவம் நிரப்பிய நாக்கு, கேட்டவுடன் தானாகச் சொல்லிவிட்டது. மெல்பேர்னில் வேறு எத்தனை ஆதம்பாவா இருக்கப் போகிறார்கள் என்பது போனை வைத்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் போனோம். வாசலில், கறுப்பு முக்காடு போட்ட ஒரு பெண் எங்களைப் பார்த்தா. இவரைப் பார்த்தா. மறுபடியும் என்னைப் பார்த்தா. "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினா. அவதான் ஸுலைகாவின் உம்மா என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். எடுப்பான கடையில் ஏன் இப்படி ஓடுகிறார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

எங்களை மூலைக்கு விடவில்லை. கதவு வைத்த தனி அறைக்குக் கூட்டிப் போனார்கள். பத்துப் பேர் இருக்கக்கூடிய வட்ட மேசை, நடுவில் சுழலுகிற கண்ணாடித் தட்டு. கதவைப் பார்த்த கதிரையில் என்னை இருத்தினார்கள்.

"ரெண்டு பேருக்கெண்டுதானே சொன்ன?" என்றார் இவர்.

"பெரிய கடையில இப்புடித்தான். சும்மா இரிங்க" என்றேன்.

மூடி போட்ட கோப்பையில் தேநீர் வந்தது. உள்ளே பேரீச்சம்பழம், கற்கண்டு, சிவப்பாகக் கொட்டைப்பாக்களவில் ஏதோ பழம். எங்கள் கண்முன்னே மூடியைத் திறந்து கொதிநீரை ஊற்றினார்கள். பிறகு சின்னச் சின்னப் பீங்கானில் ஆறிய கறிகள் எட்டு வந்தன. நாங்கள் எதையும் கொண்டுவரச் சொல்லவில்லை, என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை. பிறகு எலும்போடு அவித்த ஆட்டிறைச்சி, உப்பும் மிளகும் மட்டும் தொட்டுக்கொள்ள. பரிசாரகப் பிள்ளை இரண்டு கையையும் வாயருகில் கொண்டுபோய்க் காட்டினாள். இதைக் கையால்தான் தின்ன வேண்டுமாம். இவருக்கு முகம் மலர்ந்தது. அதுவரை சொப்ஸ்டிக்கை வைத்துக்கொண்டு ஊசி நூல் கோர்க்கிறவர்போல் பாடுபட்டுக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர் நிமிரவேயில்லை. இறைச்சி எலும்பிலிருந்து தானாகக் கழன்றது. கலியாண வீட்டில் சஹன் என்கிற பெரிய தட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து தின்ற இறைச்சி எனக்கு நினைவு வந்தது. மனம் கொஞ்சம் இளகியது. அப்போதும் நான் வேவு பார்க்க வந்தவள்தான்.

கதவு திறந்தது. வெள்ளைத் தொப்பியும் சமையல் சட்டையுமாக ஒரு பெரிய மனிசர் நீளத் தட்டில் ஒரு முழு மீனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னால் அந்தக் கறுப்பு முக்காட்டுப் பெண். இப்போது அவ நல்ல உடுப்பு மாற்றியிருந்தா. மீனைத் தட்டோடு வைத்துக் கண்ணாடியை மெதுவாகச் சுழற்றினார்கள். மீனின் தலை நேரே என்னைப் பார்த்து நின்றது. இருவரும் எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

"நான் ஸுலைகாவின் தாய்" என்றா அந்தப் பெண். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது குடியுரிமைப் பரீட்சைக்குப் படித்த இங்கிலீஷ்தான். ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. "நான்கு மாதமாக இந்த வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் வரவே மாட்டீர்கள் என்று நினைத்துவிட்டோம். நேற்றுப் போனில் பெயரைக் கேட்டதும் மீனுக்குச் சொல்லி வைத்தேன்."

"நாங்களா வரணும்?" என்று கேட்டுவிட்டேன், தமிழில்.

இவர் மொழிபெயர்த்தார். ஸுலைகாவின் வாப்பா குழம்பிப்போய், "மாப்பிள்ளை வீட்டார்தானே பெண் கேட்டு வர வேண்டும்?" என்றார்.

 நான் ஞாயிறு தவறாமல் வட்டிலப்பம் அவித்துக் காத்திருந்த நான்கு மாதமும், இந்த மனிசி நல்ல உடுப்பு ஒன்றைக் கடையிலேயே கொழுவி வைத்துக் காத்திருந்திருக்கிறா. நான் அவவைக் கர்வக்காரி என்று திட்டினேன். அவ என்னை என்னவென்று திட்டினாவோ, சீன மொழியில் அதற்கும் நல்ல சொற்கள் இருக்கும்.

நாங்கள் கேட்டு வரவில்லை, சும்மா சாப்பிடத்தான் வந்தோம் என்று சொல்லலாம். உண்மை அதுதான். சொன்னால் என் எடுப்பு என்னோடு இருக்கும், ராத்தாவுக்கும் தலை நிமிர்ந்து பதில் சொல்லலாம். ஆனால் யாரும் மீனைத் தொடவில்லை. தலை யாரைப் பார்க்கிறதோ அவர் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் எடுப்பார்களாம். மீனுக்கு மேலால் ஆவி போய்க்கொண்டிருந்தது. ஸுலைகாவின் உம்மா மடியில் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தா. ஆதிலின் வீங்கின முகம் எனக்குக் கண்ணுக்குள் வந்தது.

இவர் குனிந்து என் காதில் சொன்னார். "மீன் ஆறுது."

அந்தக் கேள்வி எனக்குத் தமிழில்தான் வந்தது. "ஒங்கட மகள எங்கட மகனுக்குத் தாங்க" என்றேன். எங்கள் ஊரில் ஒரு மாப்பிள்ளையின் தாய் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. வெட்கமா சந்தோஷமா என்று கேட்டால் இரண்டும்தான்.

இவர் மொழிபெயர்க்குமுன்பே அந்த மனிசி அழத் தொடங்கினா. நான் எழும்பிப் போய் அவவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டேன். "மகள் இனி உங்கள் வீட்டுக்குப் போய்விடுவாளே" என்றா.

"இல்ல, இல்ல. எங்கள் வழக்கப்படி மகன்தான் உங்கள் வீட்டுக்கு வருவான். அழ வேண்டியவள் நான்" என்றேன்.

அவ அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. நானும் பார்த்தேன். அவவின் வழக்கப்படி என் பிள்ளை எனக்கு, என் வழக்கப்படி அவவின் பிள்ளை அவவுக்கு. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பேராசை வந்து, ஒரே நேரத்தில் சிரிப்பும் வந்தது. ஆண்கள் இருவரும் எங்களை விட்டுவிட்டு மீனைத் தொடங்கினார்கள். நான் எடுக்கும்வரை யாரும் எடுக்கக் கூடாது என்ற வழக்கம் அவ்வளவு நேரம்தான் நின்றது.

அன்றைக்கு நான் அவவை மச்சி என்று கூப்பிட்டேன். மைத்துனி என்று அர்த்தத்தையும் சொல்லிக் கொடுத்தேன். இன்றுவரை மச்சிதான். நாங்கள் வேவு பார்க்கத்தான் போனோம் என்பது மட்டும் மச்சிக்குத் தெரியாது. தமிழில் எழுதுவதால் தைரியமாக எழுதுகிறேன்.

ராத்தா கேட்டா, "ஆரு போன கேட்டு? அவங்க வந்தாங்களா, நீங்க போனீங்களா?"

"ஆரும் போகல்ல ராத்தா. எங்களுக்குப் பசிச்சிது, ஒரு கடைக்குப் போன."

5

பிள்ளைகள் எந்த வீட்டுக்கு வந்தார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். எந்த வீட்டுக்கும் வரவில்லை. முதல் ஆறு மாதம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். பிறகு ஆதிலுக்குப் பேர்த்தில் வேலை கிடைத்தது. அங்கே போய்விட்டார்கள். வழக்கம் இரண்டும் தோற்றுப்போயின. எனக்கு அதில் மனவருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். மச்சியும் நானும் செவ்வாய்க்கிழமைகளில் கடை மூடுகிற இடைநேரத்தில் அந்த அறையிலே இருந்து, பிள்ளைகளைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டு மாவுருண்டை தட்டுவோம். அவ நூடில்ஸ் இழுக்கிறதை என் கைக்குப் பழக்கினா, நான் ரொட்டி வீசுகிறதைக் காட்டினேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சண்டைதான் மாவோடு.

நேற்று மீன் வந்ததும், மச்சி வழக்கம்போல் கண்ணாடியைச் சுழற்றித் தலையை என் பக்கம் திருப்பினா. நான் அவவின் பக்கம் திருப்பினேன். அவ மறுபடி என் பக்கம். இப்படி நாங்கள் மரியாதை பண்ணிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மச்சி போனைத் தேநீர்க் கேத்தலில் சாய்த்து வைத்தா. திரையில் ஆதிலும் ஸுலைகாவும்.

"உம்மா, மாமி, ரெண்டு பேரும் இரிக்கீங்களா? ஒண்டு சொல்லணும்" என்றான் ஆதில். ஸுலைகா அவனைத் தள்ளிவிட்டுத் தானே சொன்னாள். நான்காம் மாதமாம். நாள் வைத்துக்கொண்டு இன்றைக்குத்தான் சொல்ல வேண்டும் என்று பொத்தி வைத்திருந்தார்களாம்.

அல்ஹம்துலில்லாஹ் என்று நான்கு பேரும் ஒரே வாயால் சொன்னோம். ஸுலைகாவின் வாப்பா எழும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். போனை வைத்த பிறகு மச்சி மெதுவாகச் சொன்னா, "எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளையின் தாய்தான் பிள்ளைப்பேறு பார்க்கப் போக வேண்டும். நீங்கள் போங்கள்."

எனக்கு நெஞ்சு குதித்தது. ஆனால் அவவின் முகத்தைப் பார்த்தேன். "எங்கள் வழக்கத்தில் பெண்ணின் தாய்தான். நீங்கள் போங்கள்" என்றேன்.

"இல்லை, நீங்கள்" என்றா மச்சி.

"இல்லை, நீங்கள்" என்றேன் நான்.

 நீங்கள், நீங்கள் என்று சொல்லிக்கொண்டு ஆளுக்கொரு வீட்டில் காத்திருந்த நான்கு மாதம் எனக்கு நினைவு வந்தது. மச்சிக்கும் வந்திருக்க வேண்டும். அவ கையை நீட்டினா, நான் பிடித்தேன். இவரைப் பார்த்து, "இப்பவே டிக்கட்டப் பாருங்க. ரெண்டு. பக்கத்துப் பக்கத்து சீட்" என்றேன்.

"அப்ப எங்களுக்கு ஆரு சமைக்கிற?" என்றார் இவர்.

இதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. ஸுலைகாவின் வாப்பா தன் சமையல் சட்டையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். மச்சி ஒரு தாளை எடுத்து, என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று சீனத்தில் எழுதத் தொடங்கினா. நான் அதே தாளின் மற்றப் பக்கத்தில் தமிழில் எழுதினேன். மீனின் தலை அந்த நேரம் யார் பக்கம் இருந்தது என்று நான் பார்க்கவில்லை.